பட்டி பிடிச்ச எருமை

அன்று காலை கொண்டுபோன பால் அப்படியே திரும்பி வந்தது.

என் வீட்டுக்காரர் இரண்டு தூக்குவாளிகளையும் தொழுவத்து வாசலில் இறக்கிவைத்தார். மூடியைத் திறந்து பார்த்தேன். நுரை அடங்கி, ஓரத்தில் மெல்லிசாக வெண்ணெய்த் திட்டு ஒட்டியிருந்தது. ஓர் ஆழாக்குகூடக் குறையவில்லை.

“என்ன, லயத்தில் ஆளே இல்லையா?” என்று கேட்டேன். லயம் என்றால் எஸ்டேட் கூலியாட்களின் வரிசை வீடுகள்.

“எல்லாரும் இருக்கிறார்கள். என்னைக் கண்டதும் கதவை மூடிக்கொண்டார்கள்.”

“எதற்கு?”

“நம் எருமையை நாய் கடித்துவிட்டதாம். வெறிநாயாம். அந்தப் பால் வேண்டாமாம்.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “எந்தக் கேடுகெட்டவர் சொன்னது அப்படி?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீதான்” என்றார்.

(நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது மலையாளத்தில். அதை அப்படியே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் என்னை அடிக்க வருவார். ஆகையால் தமிழாக்கித் தந்திருக்கிறேன். தமிழாக்கம் செய்வதில் எனக்குள்ள சாமர்த்தியம் எப்படிப்பட்டது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.)

எருமானும் எருமையும்

நாங்கள் மலையாளம் பேசும் இடையர்கள். வட மலபாரில் எங்களை மணியாணி என்பார்கள். மணியாணிகளில் கோலாயன் என்று ஒரு பிரிவு, எருமான் என்று ஒரு பிரிவு. நாங்கள் எருமான். எங்கள் ஊரில் அதை நிமிர்ந்து நின்று சொல்லலாம். போடிமெட்டுக்கு மேலே ஏலமலையில் வந்து சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் வீட்டுக்காரர் முதலில் வந்தது மாடு மேய்க்க அல்ல, சுவர் கட்ட. எங்கள் ஆண்களுக்கு மாடும் தெரியும், கல்லும் தெரியும். ஊரில் கோயில் மதில் கட்டிய கை. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்றுக்குச் சுவர் எழுப்ப நாலு பேரோடு வந்தார். எஸ்டேட்டில் பேர் எழுதிக்கொண்ட ரைட்டர், “நீங்க என்ன ஆளுகப்பா?” என்று கேட்டிருக்கிறார்.

“எருமான்” என்றாராம் இவர்.

“கேட்டது ஆளத்தான்யா, மாட்ட இல்ல.”

கூட வந்தவர் குறுக்கே புகுந்து, “மணியாணி” என்று திருத்தியிருக்கிறார். ரைட்டர் அதை மணியக்காரர் என்று எழுதிக்கொண்டுவிட்டார். அப்புறம் ஒரு பத்து நாள், லயத்துக்காரர்கள் இவரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்களாம். ஊர் மணியக்காரர் என்னத்துக்குக் கல் தூக்குகிறார் என்று அவர்களுக்கு ஒரே குழப்பம். இவருக்கோ, தமிழர்கள் எவ்வளவு மரியாதைக்காரர்கள் என்று ஒரே பூரிப்பு.

பேராவது ஒழுங்காக வாய்த்ததா என்றால் அதுவும் இல்லை. அவர் பேர் சாத்து. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு சாத்து இருப்பார். இங்கே யாராவது, “காத்தடிக்குது, கதவச் சாத்து” என்று கத்தினால் போதும், இவர் “என்ன?” என்று போய் நிற்பார்.

ஸ்டோர் கட்டி முடிந்ததும் மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். இவர் மட்டும் திரும்பவில்லை. முழங்கால் உயரம் புல் நிற்கிற மலையில் எல்லோரும் பாலில்லாத வரக்காப்பி குடிக்கிறார்களே என்று அவருக்கு ஆற்றாமை. போடிக்கு இறங்கிப்போய்ச் சந்தையில் ஓர் எருமையைப் பிடித்து, மெட்டு வழியாக நடத்தியே மேலே கொண்டுவந்தார். பாறு என்று பேர் வைத்தார். அதற்கு அடுத்த வருஷம்தான் ஊருக்கு வந்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த வீட்டில் பாறு எனக்கு மூத்தவள், அதை நான் ஒருபோதும் மறக்கக் கூடாது என்று அவர் அடிக்கடி சொல்லிக்காட்டுவார். மறக்க விட்டால்தானே!

நாய் ஊர்கள்

தமிழ் எனக்கு முத்தம்மா போட்ட பிச்சை. முத்தம்மா ஏலக்காய் எடுக்கிறவள், லயத்தில் முதல் வீடு. அவளுடைய கடைசிக் குழந்தை, தாய்ப்பால் போதாமல், எங்கள் பாறுவின் பாலில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. காலையில் பால் ஊற்றப் போனால் எனக்கு நாலு வார்த்தை சொல்லித் தருவாள்.

“பறையாத. சொல்லு. பறைன்னா இங்க கொட்டு.”

“வெள்ளம்னு கேக்காதடி மலையாளத்தா, மலையே அடிச்சுட்டுப் போயிரும். தண்ணின்னு கேளு.”

ஒரு நாள் நான் அவளிடம் ரொம்ப நாளாக மனசில் கிடந்த சந்தேகத்தைக் கேட்டேன். உங்கள் தேசத்தில் ஏன் ஊர்களுக்கெல்லாம் நாய் என்று பேர் வைக்கிறீர்கள்? ஆண்டிபட்டி, உசிலம்பட்டி... மலையாளத்தில் பட்டி என்றால் நாய்தானே!

முத்தம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “அடி கூறுகெட்டவளே, பட்டின்னா ஊருடி!”

அவள் அத்தோடு நிறுத்திவிட்டாள். பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கிற இடமும்தான் என்று இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பாவம், அவளுக்கு ஏலக்காட்டுக்குப் போக நேரமாகிவிட்டது.

எதிர்மலையிலிருந்து ஒரு குரல்

மேய்ச்சலுக்குப் போன பாறுவை ஒரு நாள் மத்தியானத்திலிருந்து காணவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தேடிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் எல்லோருக்கும் நெஞ்சில் ஒரு பயம் இருந்தது. முன்பே ஒரு வெறிநாய் கீழ் எஸ்டேட்டில் ஒரு கன்றைக் கடித்திருந்தது. கன்று அப்போதுதான் கத்திக் கத்திச் செத்திருந்தது. அது கடித்த வேறு நாய்களும் மலையில் திரிகின்றன என்று பேச்சு.

வெயில் சாய்கிற நேரம் எதிர்மலையிலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே வேறோர் எஸ்டேட். இருளப்பன் என்பவர் காவல். நடுவில் ஓடைப் பள்ளம் என்பதால் சேதி எதுவானாலும் கையை வாயில் குவித்துக்கொண்டு கத்துவதுதான் வழக்கம்.

அவர் கத்தியது இது: “உங்க எருமையப் பட்டியில பிடிச்சுப் போட்டிருக்குடோய்!” எங்கள் எருமை அவர்களுடைய ஏல நாற்றங்காலில் புகுந்துவிட்டதால் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார், வந்து ஓட்டிக்கொண்டு போங்கள் என்று அர்த்தம்.

காற்று நடுவில் ஓரிரண்டு எழுத்தைத் தின்றுவிட்டது. எனக்குக் கேட்டது, “எருமையப் பட்டி பிடிச்சு.” மலையாளத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். எருமையை நாய் பிடித்துவிட்டது.

ஊர் என்ற அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் பதறுகிற நேரத்தில் அம்மா பேசிய பாஷைதான் காதில் முதலில் நுழைகிறது. தலையில் அடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். அந்த ஓட்டத்திலும் என் புத்தியைப் பாருங்கள், இவர்களிடம் பட்டி என்றால் புரியாது, தமிழில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேனே! ஒரு பிழையும் இல்லாத தமிழில் கத்தினேன்.

“நாய் பிடிச்சிருச்சு! எங்க எருமைய நாய் பிடிச்சிருச்சு!”

ஆறு மாதம் படித்த தமிழில் நான் பேசிய முதல் சுத்தமான வாக்கியம் அது. லயம் முழுக்கக் கேட்டது.

என் வீட்டுக்காரரும் நானும் ஓடைப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்மலைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அங்கே மூங்கில் அடைப்புக்குள் பாறு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தாள். பின்னங்காலில் ஒரு கீறல். வேலி முள் கிழித்திருக்கும் என்று இவர் துடைத்துவிட்டார். இருளப்பன் மண்வெட்டியோடு நின்றிருந்தார், கையெல்லாம் மண். நாற்றங்காலைச் சரி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“பட்டி எங்கே?” என்று அவரிடம் கேட்டேன்.

“இந்தா இருக்கே, இதுதான்த்தா பட்டி” என்று மூங்கில் அடைப்பைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே வந்தோம். மறுநாள் காலையில்தான் வாளிகள் திரும்பி வந்தன.

பால்பாத்திரத்தைத் தொட்டு

விஷயம் தெரிந்ததும் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். முத்தம்மா கதவை ஒரு கை அகலம் திறந்தாள்.

“அக்கா, நான் கேட்டது தப்பு. பட்டின்னு சொன்னாரு. எங்க பாஷையில பட்டின்னா நாய். நான் நாய்னு விளங்கிட்டேன். நாயே இல்ல.”

“நேத்து நாய்னு சொன்ன. இன்னைக்குப் பட்டிங்குற. நாளைக்கு என்னடி சொல்லுவ?”

“சத்தியம் அக்கா. பால்பாத்திரத்தைத் தொட்டுச் சொல்லுறேன்.”

எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. பால்பாத்திரம் கையில் இருக்கும்போது பொய் சொன்னால் மடி வற்றிவிடும் என்று சொல்லி வளர்த்தார்கள். பாலைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் முத்தம்மாவுக்கு அது வெறும் வாளி.

“எம்பிள்ள குடிக்கிற பாலுடி இது” என்றாள் அவள். “உன் எருமைக்காக எம்பிள்ளையப் பணயம் வைக்கச் சொல்றியா?”

வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அவள் இடத்தில் நான் இருந்தாலும் கதவைத் திறந்திருக்க மாட்டேன். திரும்பி நடக்கையில் அழுதேன், கோபத்தில் அழுதேன். அவள் மேல் இல்லை, என் காதின் மேல்.

ரைட்டர் ஐயா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனுஷர் அல்ல. எஸ்டேட்டில் அத்தனை குழந்தைகள் இருக்கிறார்களே, அவர் பயப்படத்தானே செய்வார்?

“சாத்து, நாய்க்கடி பட்ட உருப்படி இங்க நிக்கக் கூடாது. சனிக்கிழமை போடியிலருந்து முதலாளி வர்றாரு. பன்னி சுடுற துப்பாக்கிய எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். மனசத் தேத்திக்க.”

என் வீட்டுக்காரர் தொழுவத்துக்கு வந்து பாறுவின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அவிழ்த்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாம், நாராயணி. நடந்தே போய்விடலாம்” என்றார்.

“எங்கே போனாலும் நாய் கடித்த எருமை என்ற பேர் நமக்கு முன்னால் போய்விடும். தப்பு என் வாயில் வந்தது. என் வாயாலேயே அது போக வேண்டும். நீங்கள் பாறுவை விட்டு நகராதீர்கள். இருளப்பனை நான் கூட்டி வருகிறேன்.”

எதிர்மலைக்குப் போனால் இருளப்பன் அங்கே இல்லை. எங்களுக்குப் பாறுவை அவிழ்த்துக் கொடுத்த அன்று மாலையே, தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று ராசிங்காபுரத்துக்கு இறங்கிவிட்டிருந்தார். நான் தேடிப்போனது வியாழக்கிழமை.

இறக்கம்

நான் மலையை விட்டுத் தனியாக இறங்கியது அதுதான் முதல் தடவை. ரோடு வளைந்து வளைந்து போகும், குறுக்குத் தடம் நேராக இறங்கும். மெட்டு வரைக்கும் ஈரக் காடு. அட்டைகள் காலைப் பிடித்துக்கொண்டன. நின்று பிடுங்கிப் போட நேரமில்லை. அதற்குக் கீழே வெறும் பாறையும் முள்ளும் வெயிலும்.

“கண்ணங்காட்டு பகவதி, எனக்கு அந்த ஆள் அகப்பட வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை” என்று எங்கள் குலதெய்வத்திடம் சொல்லிக்கொண்டே இறங்கினேன். கொஞ்சம் அதட்டிச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

போடியில் ஏலக்காய் வாசனை தெரு முழுக்க நின்றது. கடைவாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ராசிங்காபுரத்துக்கு வழி கேட்டேன். என் பேச்சைக் கேட்டுவிட்டு, “மலையாளமா? இம்புட்டுத் தொலவு தனியாவா வந்த? தண்ணி குடிச்சிட்டுப் போத்தா” என்று செம்பை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு நடந்தேன்.

ராசிங்காபுரத்தில் காதுகுத்து வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, பந்தல் போட்டிருந்தது. இருளப்பன் இலையில் உட்காரப் போகிறவர், என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் என் காலுக்குப் போனது. அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம் வழிந்து புழுதியோடு காய்ந்திருந்தது.

நடந்ததைச் சொன்னேன். “நீங்க வந்து நாய் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லணும் அண்ணே. சொல்லலைன்னா சனிக்கிழமை சுட்டுருவாங்க.”

அவர் தலையைச் சொறிந்தார், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறி விருந்தை விட்டு வர மனசில்லை போல என்று நினைத்து எனக்கு எரிச்சல் வந்தது.

“வரமாட்டீங்கன்னா நான் இங்கயே உக்காந்திருப்பேன்” என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“எந்திரித்தா” என்றார் கடைசியில். “முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு. வர்றேன்.”

மறுநாள் மேலே போன ஒரு லோடு ஜீப்பில், உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, நானும் அவரும் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

நாற்பது நாள்

சனிக்கிழமை முதலாளி வந்தார். துப்பாக்கியும் வந்தது. லயமே ஸ்டோர் முற்றத்தில் கூடியிருந்தது. என் வீட்டுக்காரர் பாறுவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் கட்டியிருந்தார். சுடுவதானால் அவர் கையையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும்.

இருளப்பன் முன்னால் வந்தார். “பட்டியில அடச்சிருக்குன்னுதான்யா நான் கத்துனேன். நாய் கீய் ஒண்ணும் வரல” என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பின்னங்கால்ல கீறல் இருக்கே?” என்று யாரோ கேட்டார்கள்.

“வேலி முள்ளு” என்றார் இருளப்பன்.

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள், பாதிப் பேர் ஆட்டவில்லை. முத்தம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றாள். அவள் ஆட்டவில்லை. முதலாளி துப்பாக்கியைக் கைமாற்றிப் பிடித்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“முதலாளி, நாய்க்கடி விஷம் நாப்பது நாளுக்குள்ள தெரிஞ்சிரும்னு லயத்துல எல்லாரும் சொல்லுறாங்க. இந்த எருமைய லயத்துக்கு முன்னாலயே கட்டிப் போடுங்க. யாரும் பால் வாங்க வேணாம். நாப்பது நாள், தினமும் காலையில எல்லாரும் பாக்க, கறந்த சூட்டுல ஒரு செம்புப் பால் நான் குடிக்கிறேன். எருமைக்கு ஏதாவது வந்தா எருமையச் சுடுங்க. எனக்கு ஏதாவது வந்தா என்னையும் சேத்துச் சுடுங்க!”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமும் வரவில்லை. பாறுவை எதுவும் கடிக்கவில்லை என்று எனக்குத் தெரியுமே!

“வேணாம்த்தா” என்று ஒரு குரல் கேட்டது. இருளப்பன். “அதெல்லாம் என்னத்துக்கு? வேணாம்.”

நீங்கள் சொன்னதையே நீங்கள் நம்பவில்லையா என்று அவரை ஒரு முறை முறைத்தேன். அவர் பின்வாங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

முதலாளி என்னையும் என் வீட்டுக்காரர் கையில் சுற்றியிருந்த கயிற்றையும் பார்த்தார். “நாப்பது நாள்” என்றார். துப்பாக்கியோடு ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை லயமே வந்து நின்றது. பாறுவைக் கறந்து, செம்பை அண்ணாந்து ஊற்றிக் குடித்தேன். எருமைப்பால் பச்சையாகக் குடித்திருக்கிறீர்களா? தொண்டையில் கனமாக இறங்கும். எனக்குச் சின்ன வயசிலிருந்தே அந்தக் கொழுப்பு வாடை ஆகாது. எருமான் வீட்டில் பிறந்து பால் பிடிக்காதவள் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மூக்கைப் பிடிக்காமல், முகம் சுளிக்காமல் குடித்தேன். முகம் சுளித்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்களே!

பத்தாம் நாளுக்கு மேல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குறைந்தார்கள். அப்போதும் நான் விடவில்லை. காட்டுக்குப் போகிற பெண்களை, “நில்லுங்க, பாத்துட்டுப் போங்க” என்று நிறுத்திக் குடித்தேன். என் வீட்டுக்காரர் வேறொரு எஸ்டேட்டில் சுவர் கட்டப் போனார், மீதிப் பாலைக் கன்று குடித்துக் கொழுத்தது. முத்தம்மா தினமும் வந்து கதவோரம் நின்று பார்ப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் இடுப்பில் குழந்தை கஞ்சித்தண்ணி குடித்து இளைத்துக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

தண்ணி கொண்டா

முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ, ஒரு நாள் காலை செம்பைக் கீழே வைத்தேன். ஓடிப்போய் மண்சுவரைப் பிடித்துக்கொண்டு குடித்த அத்தனையையும் வாந்தி எடுத்தேன்.

ஐயோ, அந்தக் கூச்சல்! “ஆத்தாடி, விசம் ஏறிருச்சு!” என்று பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். எனக்கும் உள்ளுக்குள் முதன்முதலாக ஒரு கிலி பிடித்தது. பாறுவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

ஓடாமல் நின்றவள் முத்தம்மா ஒருத்திதான். “வெரசாத் தண்ணி கொண்டா” என்று யாரையோ அதட்டினாள். வெறி பிடித்தவர்கள் தண்ணீரைக் கண்டால் மிரளுவார்கள், அதைச் சோதிக்கத்தான். செம்பு வந்தது. என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்.

வாங்கி, ஒரே மூச்சில் மடமடவென்று குடித்தேன். “இன்னொரு செம்பு” என்று கேட்டேன்.

முத்தம்மா என் முகத்தைப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள், கையைப் பிடித்து நாடி பார்த்தாள். அப்புறம் காதருகே, “குளிச்சு எம்புட்டு நாளாச்சுடி?” என்றாள்.

விரல் விட்டு எண்ணினேன். எண்ணுகிறபோதே எனக்கு வெட்கம் வந்துவிட்டது.

“அடி மலையாளத்தா!” என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். லயத்தைப் பார்த்துக் கத்தினாள். “கதவத் தொறங்கடி! விசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவ முழுகாம இருக்கா!”

சிரிப்பும் குலவையுமாக அந்த முற்றம் நிறைந்தது. மறுநாள் காலை முத்தம்மா பாத்திரத்தோடு வந்தாள்.

“இன்னும் ஏழெட்டு நாள் பாக்கி இருக்கு அக்கா” என்றேன்.

“போதும்டி, ஊத்து” என்றாள். பாத்திரம் நிறைகிற வரைக்கும் அவள் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று நாற்பதாம் நாள் வரைக்கும் என் செம்பைக் குடித்துத் தீர்த்தேன். வாந்தி எடுத்து எடுத்துக் குடித்தேன்.

பந்தியில் ஒரு வார்த்தை

என் மூத்த மகளின் கல்யாணம் போடியில் நடந்தது. பாறு அதற்கு ரொம்ப முன்பே, வயசாகி, நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்தாள். இருளப்பனுக்குப் பத்திரிகை வைத்திருந்தேன். தலை நரைத்து, தடி ஊன்றி வந்தார். பந்தியில் அவருக்கு நானே பாயசம் ஊற்றினேன்.

“ஆத்தா, ஒண்ணு சொல்லணும்” என்றார். “இத்தன வருசமா நெஞ்சுல கெடக்கு.”

“சொல்லுங்க அண்ணே.”

“அன்னைக்கு நான் கத்தி முடிச்சுத் திரும்புறேன். பட்டிக்குள்ள நாய் நிக்குது. வாயெல்லாம் நொர. உன் எரும மேல பாஞ்சு பாஞ்சு வருது. எரும கொம்பால ஒரே குத்து. அங்கனயே செத்துருச்சு. நீங்க வர்றதுக்குள்ள ஓடப்பள்ளத்துல குழி வெட்டிப் பொதச்சேன்.”

வாளி என் கையிலிருந்து கீழே வைக்கப்பட்டதோ விழுந்ததோ, எனக்கு நினைவில்லை.

“கடிச்சுச்சா?” என்று கேட்டேன்.

“தெரியாது ஆத்தா. பகவான் சத்தியமாத் தெரியாது. அந்தக் கீறல் முள்ளா பல்லான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. என் காவல்ல நடந்ததுன்னு முதல்ல பயம். பெறகு நீ காலெல்லாம் ரத்தத்தோட வந்து நின்ன. எப்படிச் சொல்லுவேன்? நாப்பது நாளும் நான் ஒழுங்கா ஒறங்கல.”

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. லயத்துப் பிள்ளைகள் குடிக்க இருந்த பால் ஐயா அது! “ஏன் சொல்லல? நான் குடிக்கிறேன்னு நின்னப்பவாவது சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா குடிச்சிருப்பியா?”

உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். குடித்திருக்க மாட்டேன். கயிற்றை என் வீட்டுக்காரர் கையிலிருந்து நானே அவிழ்த்து முதலாளியிடம் கொடுத்திருப்பேன்.

மணமேடையில் என் மகள் மாலையோடு உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்பது நாளும் என் வயிற்றில் இருந்தவள் அவள்தான். அவளைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ, பந்தி எழுந்துவிட்டது.

என் வீட்டுக்காரரிடம்கூட இதை நான் சொல்லவில்லை, அவரும் போய்விட்டார். என் மகளுக்கும் இன்றுவரை தெரியாது. இந்தப் பத்திரிகையை முதல் ஆளாக வாங்கி, நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு உடனே போன் செய்கிறவள் அவள். இப்போது இந்த வரிக்கு வந்திருப்பாள்.

போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மகளே. கூப்பிடு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.